கேலி முறைக்காரன்

சோள பீர் முழுவதையும் என் கணவர் தலையில் கவிழ்த்துவிட்டு, காலி டப்பாவை மேசையில் வேதப்புத்தகத்தின் பக்கத்தில் வைத்தான் சிபாட்டா.

பாட்டு பாதியில் நின்றது.

"குடிடா குரங்கு தின்னி. ஞாயித்துக்கெழமை விருந்து வேணாமா?"

கசொண்டே, அதாவது என் கணவர், முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தார். "ஏன்டா எலி தின்னி, ஊத்துறதுதான் ஊத்துறே, கொஞ்சம் நல்ல சரக்கா ஊத்தக் கூடாதா? ஒரே புளிப்புடா."

எங்கள் வீட்டு மாமரத்தடியில் ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சட்டையைத் துவைக்கப்போவது யார்? நான்தான்.

சிபாட்டாவின் பீர்க்கடை எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே உருண்டு கிடந்த ஆட்களில் பாதிப் பேர் இப்போது இங்கே வந்து பாடுகிறார்கள். அவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? போன வாரம் எங்கள் பெஞ்சுகளைச் சாக்கடையில் தள்ளினான். அதற்கு முந்தைய வாரம் ஸ்பீக்கரை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, பாஸ்டரின் தொண்டையை ஒருவழி பண்ணினான்.

எல்லாவற்றுக்கும் இவர் சிரிப்பார்.

கேட்டால், "அவன் ங்கோனி இனத்தான், நாம பெம்பா இனம். ரெண்டு இனத்துக்கும் கேலி முறை" என்பார். பெம்பாக்காரனை ங்கோனிக்காரன் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. சாவு வீட்டில் வந்து பிணத்தைக் கிண்டல் செய்தாலும் சிரித்துக்கொண்டே சோறு போட வேண்டும். கிழக்கே சிபாட்டா ஊரிலிருந்து வந்தவன் என்பதால் அவனுக்குப் பேரே சிபாட்டா என்றாகிவிட்டது. ஊரும் அவனை ங்கோனி என்றே முடிவு கட்டிவிட்டது.

அவன் ங்கோனியே இல்லை.

குழாயடியில் அவன் பெண்டாட்டி என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அப்பா எங்களைப் போல பெம்பா. வேலைக்காகக் கிழக்கே போனவர். ஆக, இவன் செய்வது எதுவும் முறைக்காரன் கேலி இல்லை. அத்தனையும் அடிமனதிலிருந்து வரும் விஷம்.

அதை நான் இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் இவருக்கு வாயைவிடக் கைதான் முந்தும். சுரங்கத்தில் ஒருவன் தாடையைப் பெயர்த்துவிட்டு ஜெயிலுக்குப் போனவர். இனி எவன் மேலும் கை வைக்க மாட்டேன் என்று ஆற்றுக்குள் நின்று ஆண்டவரிடம் சத்தியம் செய்தார். அது உடைந்தால் மனுஷன் மறுபடி எழ மாட்டார்.

அதனால் நான்தான் முழுங்கிக்கொண்டிருக்கிறேன். இவர் கேலிக்குச் சிரிக்கிறார். நான் அவமானத்துக்குச் சிரிக்கிறேன். பெயர் மட்டும் இவருக்கு, பொறுமைசாலியாம்!

கூட்டத்தின் சிரிப்பு அடங்கவில்லை. சிபாட்டாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எதுக்குடா இளிக்கிறே? நான் ங்கோனியே இல்லடா! எங்கப்பனும் பெம்பா, நானும் பெம்பா. வெளையாட்டுக்கா ஊத்தினேன்? உன்ன நாறடிக்கத்தான்டா ஊத்தினேன்!"



நான் பாட்டுப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

கசொண்டே அசையவில்லை. என் தோளுக்கு மேலாக அவனிடம் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும்டா. நீ குடிவந்தப்பவே தெரியும். உன்ன முறைக்காரன்னு நெனச்சாத்தான் என் கை சும்மா இருக்கு. அதக் கெடுத்துடாதே."

சிபாட்டா அந்தக் கையைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் போனான். பிறகு டப்பாவைக்கூட எடுக்காமல் வேலியைத் தாண்டிப் போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இவரைக் காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? திட்டுவதற்காகத்தான் திரும்பினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினார்கள். இவரும் பாடினார். முகத்தில் அதே சிரிப்பு.

கீழே, மேசை விளிம்பில், முறுக்கிய இவர் முஷ்டி இன்னும் தளரவில்லை.

ஒவ்வொரு விரலாகப் பிரித்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடியும்வரை, என் எலும்பு நொறுங்கிவிடும்போல இறுக்கினார்.