முழங்காலில் நின்ற பெண்

“ஐயா, அந்தப் பொம்பளை இன்னைக்கும் வந்து நிக்கிறா. டிக்கெட் இல்ல. உள்ள விடுன்னு ஒரே பிடிவாதம்.”

வாசல்காரன் அழகமுத்து வந்து சொன்னபோது, செல்லப்பா தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக் காட்சி தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

பேசாத படங்களின் காலம் அது. கண்டிக் கொட்டகையில் படம் பேசாது, செல்லப்பா பேசுவார். திரைக்குப் பக்கத்தில் பெட்டியொன்றின் மேல் ஏறி நின்று, வெள்ளைக்காரி ஏன் அழுகிறாள், வெள்ளைக்காரன் ஏன் துப்பாக்கியைத் தூக்குகிறான் என்பதையெல்லாம் தமிழில் சொல்வார். அவர் என்ன சொன்னாரோ, சனத்துக்கு அதுதான் கதை. யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்து வந்தவர் என்ற மரியாதை வேறு.

“என்னவாம் அவளுக்கு?”

ஏற்கெனவே பார்த்த படமாம், கடைசிக் கட்டத்தை மட்டும் இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போய்விடுவாளாம் என்றான் அழகமுத்து. “தோட்டத்துல ஓசியில பாத்து ருசி கண்டுட்டாங்கய்யா. நாளைக்கு நாற்காலி கேப்பாங்க.”

செல்லப்பா வெளியே வந்தார்.

“ஏன் பிள்ளை, பார்த்த படத்தை என்னத்துக்குத் திரும்பப் பார்க்கவேணும்?”

குரலைக் கேட்டதுமே அவள் கும்பிட்டாள். முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பெயர் பாப்பம்மா. தெல்தெனியப் பக்கத்துத் தோட்டம். போன மாதம் கோவில் பூசைக்குப் பெரிய கங்காணி இதே படத்தை வரவழைத்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் திரை கட்டிக் காட்டியிருந்தார். அன்றைக்கும் கதை சொன்னவர் செல்லப்பாதான்.

படத்தில் எசமான் வீட்டு முத்துமாலை காணாமல் போகிறது. வேலைக்காரப் பெண்மீது பழி விழுகிறது. கடைசியில் அவள் முழங்காலில் நின்று கைகூப்புகிறாள். எசமான் அவளைத் தூக்கி நிறுத்துகிறார்.

“தொரைசானியோட தங்கக் கடிகாரம் காணலீங்க. பங்களா கூட்டுறவ நான். என்னையத்தான் கேட்டாங்க. நான் எடுக்கல. ஆனா படத்துல அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டதும் எசமான் மன்னிச்சுட்டாரே. அதான் நானும் மண்டி போட்டு, எடுத்தது நாந்தான்னு சொல்லிட்டேன்.”

“மன்னிச்சவரோ?”

“வேலைய விட்டு நிப்பாட்டி, பத்துச்சீட்டுக் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள புருசன், புள்ளைக எல்லாரும் லயத்து வீட்ட விட்டுப் போகணும். திருடின்னு பேராயிட்டதால வேற தோட்டத்துலயும் சேக்க மாட்டேங்குறாங்க.” தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் எங்கயோ தப்பாச் செஞ்சிருக்கேன்யா. கும்புட்டது சரியில்லையா, சொன்னது சரியில்லையா, தெரியல. அந்தக் கட்டத்த இன்னொருக்கா பாத்தா, நாளைக்குப் போய்ச் சரியாக் கேட்டுருவேன்.”

அழகமுத்து சிரித்துவிட்டான். செல்லப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் படத்தில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அது அவருக்குத் தெரியும். எடுக்காததை எடுத்தேன் என்று சொல்லமாட்டேன் என்றுதான் அவள் முழங்காலில் நின்று கடவுள்மேல் ஆணையிடுகிறாள். மாலை வேறிடத்தில் அகப்படுகிறது. எசமான் வெட்கப்பட்டு அவளைத் தூக்கி நிறுத்துகிறார்.

அன்று தோட்டத்தில் காட்சிக்கு முன்னால் பெரிய கங்காணி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கூலிச் சனம் பார்க்கிற இடத்தில் வேலைக்காரி எசமானை ஜெயிப்பது நன்றாயிராது. அவள் திருடியதாகவும், அதை ஒத்துக்கொண்டதாகவும், எசமான் பெரிய மனசு பண்ணி மன்னித்ததாகவும் சொல்லிவிடும் என்றார். செல்லப்பாவும் சொன்னார். சனம் தேம்பித் தேம்பி அழுதது. கங்காணி செல்லப்பாவுக்குப் பூமாலை போட்டார். வரும் வழியெல்லாம் அந்த மாலையை அவர் கழற்றவில்லை.

“உள்ள விடு” என்று அழகமுத்துவிடம் சொல்லிவிட்டுப் பெட்டிமேல் ஏறினார்.

படம் ஓடியது. பெண்கள் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் நின்றாள் பாப்பம்மா. கடைசிக் கட்டம் வந்தது. திரையில் அந்தப் பெண் முழங்காலில் நின்றாள். செல்லப்பாவின் குரல் உள்ளே போயிற்று.

இது தோட்டமல்ல. முன்வரிசைக் கதிரைகளில் அரசாங்கக் கச்சேரிக் கிளார்க்குமார் இருந்தார்கள். திரையில் வருகிற இங்கிலீஷ் வரிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள். மாற்றிச் சொன்னால் கூவிவிடுவார்கள்.

“சத்தமாய்ச் சொல்லும் காணும்” என்றார் ஒருவர்.

“செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளமாட்டேன், உயிரே போனாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாள்” என்றார் செல்லப்பா, சத்தமாக.

கை தட்டினார்கள். கம்பத்தடியில் இருந்தவள் தட்டவில்லை. திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிஷத்தில் செல்லப்பா முடிவு செய்தார். நாளைக் காலையில் அவளோடு போவது. கதையை மாற்றிச் சொன்னது நான், அதை நம்பித்தான் இவள் ஒத்துக்கொண்டாள் என்று துரையிடமே இங்கிலீஷில் சொல்லிவிடுவது. கங்காணி இனிமேல் கூப்பிடமாட்டார்; வேறு தோட்டங்களும் கூப்பிடா. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

சனம் கலைந்ததும் பாப்பம்மா பக்கத்தில் வந்தாள்.

“பிள்ளை, அண்டைக்கு நான்...” என்று ஆரம்பித்தார்.

அவள் முந்திக்கொண்டாள். முழங்காலில் நிற்கவில்லை, கையை மட்டும் கூப்பினாள்.

“ஐயா மேல ஒரு குத்தமும் இல்லீங்க. அன்னைக்கும் நீங்க இதத்தான் சொல்லியிருப்பீங்க. படிக்காத கழுத, நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன். ஒங்களையும் தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க.”

கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல் அவருடையது. இப்போது அவளுக்கு மட்டுமே கேட்டது.

“பரவாயில்லை பிள்ளை” என்றார் செல்லப்பா.