கைக்கு அடங்கும் கெட்டில்

"அவரை விடுங்க. அவரே தூக்கட்டும்."

மரியபுஷ்பம் சொன்ன தொனியில், உதவிக்கு நீட்டிய கையை அண்ணாதுரை பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஏற்காட்டில் பல ஆண்டுகளாக மின்சாமான் கடை நடத்துகிறவர் அவர். பக்கவாதத்தில் விழுந்து எழுந்த கணவரைக் கடை நடுவில் நிறுத்தி, தண்ணீர் நிரம்பிய கெட்டிலைத் தூக்கச் சொல்லும் மனைவியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

மனுவேல் வலக்கையால் தூக்கினார். கெட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பச்சைத் தண்ணீர் பாதி டம்ளரிலும் பாதி மேசையிலுமாக விழுந்தது.

"மறுபடி ஊத்துங்க" என்றார் மரியபுஷ்பம்.

மனுவேல், நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் செல்வராஜ் லண்டனில் இருந்தான். மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். விமான டிக்கெட் வந்துவிட்ட செய்தி, ஒரு வாரமாக நாகலூர் பஸ்ஸில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரியும், மனுவேலே சொல்லியிருந்தார். இருவரின் பாஸ்போர்ட்டும் போன ஆண்டே தயார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

கடைக்குள் நுழைந்ததும், லண்டன் பயணத்துக்கு எடுத்துச் செல்லச் சிறிய கெட்டில் வேண்டும் என்று பெருமையோடு கேட்டவரும் அவர்தான். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் மனைவியிடம் போயிற்று.

அண்ணாதுரை மூன்றை எடுத்து வைத்தார். முதலாவதன் கைப்பிடி மடங்கும். துணிகளுக்கு நடுவே அடங்கிவிடும். மரியபுஷ்பம் பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். இரண்டாவது இறகைப்போல் இலேசானது. ஆனால் அதன் பிடிக்குள் கணவரின் விரல்கள் நுழையவில்லை, அதையும் ஒதுக்கினார்.

மூன்றாவதற்கு அகலமான பிடி. தண்ணீர் கொதித்ததும் தானாக நின்றுவிடும். தண்ணீரே ஊற்றாமல் மறந்துபோய்ச் சுவிட்சைப் போட்டாலும் நிற்குமா என்று மரியபுஷ்பம் இரண்டு முறை கேட்டார். நிற்கும் என்று உறுதி சொன்ன அண்ணாதுரை, ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னார். அதன் பிளக்கில் இருப்பவை நம் ஊர் உருண்டைப் பின்கள். லண்டனில் செவ்வகப் பின்கள்தான் நுழையும். வேண்டுமானால் பிளக்கை மாற்றித் தருவதாகச் சொன்னார்.

"மாத்த வேண்டாமுங்க. இப்படியே இருக்கட்டும்."

வெளிநாட்டு டிக்கெட் வந்ததும் மனிதர்கள் யார் சொல்லையும் கேட்பதில்லை என்று அண்ணாதுரை மனத்துக்குள் எண்ணிக்கொண்டார். அதன் பிறகுதான் இந்த ஊற்றும் பயிற்சி தொடங்கியது.

இரண்டாம் முறை கெட்டிலின் மூக்கு இடித்து டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் மனுவேலின் கால்மேல் கொட்டியது. டார்ச் லைட் பேட்டரி வாங்க வந்திருந்த கரடியூர் மாதப்பன் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, லண்டன் போயும் டீ போடற வேலை உங்களுக்குத்தானுங்களா?"

"அங்கே அவ தொரசாணியம்மா, நான் பட்லரு" என்று மனுவேலும் சிரித்தார். "சம்பளந்தான் இன்னும் பேசலை."

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. டம்ளரை நிமிர்த்தி வைத்து, கெட்டிலின் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார். எப்போதும் இந்த அளவுக்கு மேல் நிரப்பக்கூடாது, இன்னொரு டம்ளர் வேண்டுமென்றால் மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

மூன்றாம் முறை சிந்தவில்லை. மரியபுஷ்பமோ அதோடு விடவில்லை. இடக்கைக் கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தச் சொன்னார். எதற்குப் பின் எது என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். மனுவேல் மூடி போடுவதைச் சொல்ல மறந்தார். மறுபடி சொல்ல வைத்தார். மாதப்பனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பேட்டரியை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"ஏம் புஷ்பம், நீ பக்கத்துலதானே இருக்கப்போறே? இதெல்லாம் நான் எதுக்குப் படிக்கோணும்?" மனுவேலின் குரலில் களைப்பு தெரிந்தது.

"சொல்லுங்க. தண்ணி, அப்புறம்?"

"மூடி. அப்புறம் சுவிட்சு."

"இப்பச் சரி. நீங்க போயி பஸ்சுல எடம் போடுங்க. நான் வாங்கிட்டு வாறேன்."

மனுவேல் ஈர வேட்டியை உதறிக்கொண்டு வெளியேறினார். எதிரே நின்றிருந்த நாகலூர் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு, கண்டக்டரிடம் பேசத் தொடங்கினார். லண்டனில் பனி பஞ்சுபோலக் கொட்டும் என்று அவர் விளக்குவது கடைவரை கேட்டது. பேரக்குழந்தையைக் கோட்டுக்குள் பொதிந்து தூக்கிக்கொண்டு நடப்பாராம்.

கெட்டிலின் அட்டைப்பெட்டிக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்த அண்ணாதுரையால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அந்த ஊருக்கு ஆகாத பிளக்குன்னு சொல்லியும் கேக்கலை. நொம்ப முடியாத மனுசனைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க. ஊட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சுக் குடுக்க உங்களுக்கு அத்தனை பாரமாங்க?"

மரியபுஷ்பம் வாசலுக்கு அப்பால் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்தெட்டு வருசமா நாந்தானுங்க வெச்சுக் குடுக்கறேன். அந்த ஊர்க் குளிரு அப்பாவுக்கு ஆகாதுன்னு பையன் எழுதியிருக்கறான். வந்த டிக்கெட்டு ஒண்ணுதானுங்க. அவருகிட்ட இன்னும் நான் சொல்லலை."