இருபத்திரண்டாம் அறை

மின்சாரம் போய்விட்டது. யு.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்துகிறது. பட்டாசுக் கம்பெனி ஆபீஸின் கண்ணாடி உதிர்ந்த ஜன்னல் வழியே கந்தகப் புகை நுழைந்து, கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தை மஞ்சளாக்குகிறது. வெளியே, ஒன்பதாம் அறை இருந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த மாரிக்கண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான். “தாயி, எம் பொண்டாட்டி முருகம்மாள இன்னைக்கு எந்த ரூம்ல போட்டிருக்கீக? பாத்துச் சொல்லுங்க.” கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் இசைவாணி இன்றைய ஆள் பட்டியலைத் திறக்கிறாள். அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். காலையில் ஒன்பதாம் அறைக்கு ஏழு பேரை அனுப்பினார்கள். முருகம்மாள் ஆறாவது ஆள். நாலுக்கு மேல் வரும் பெயர்களைக் காலி அறைகளுக்குத் தானாக மாற்றிவிடும் ஃபங்ஷனை, முதலாளி சொல்லி, எக்செல் மேக்ரோவில் இசைவாணிதான் எழுதினாள். திரையில் பெயர் போய்விடும். ஆள் அதே அறையில்தான் மருந்து அடைத்துக்கொண்டிருப்பாள்.

மாரிக்கண்ணன் எக்கித் திரையைப் பார்க்கிறான். மனைவியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, பக்கத்துக் கட்டத்து எண்ணுக்கு வருகிறான். இருபத்திரண்டு. “அது கடேசி ரூமுல்ல! அங்கன ஒண்ணும் ஆகலையே!” அழுகையும் சிரிப்புமாகத் துண்டால் முகத்தைத் துடைக்கிறான். “நல்லா இருப்பீக தாயி” என்று கும்பிட்டுவிட்டு, புகைக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறான். சித்திரையிலிருந்து பூட்டிக் கிடக்கும் இருபத்திரண்டாம் அறையின் சாவி, இசைவாணியின் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.