பதினோராவது நோன்பு

"சாப்பிட்டீங்களா பாய்?" என்று நர்ஸ் கேட்டதற்கு லிஃப்ட் மெக்கானிக் உண்மையைத்தான் சொன்னார்.

"வயிறு நிறையச் சாப்பிட்டேம்மா."

எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை. விடிவதற்கு முன்னால், நாலரைக்கு என்று அவரும் சொல்லவில்லை.

இப்போது மாலை மணி நாலு. இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. நோன்பு.

ரமலான் முடிந்து மாதக்கணக்காகிறது. ஊரே மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவர் ஒருவர் மட்டும் நோன்பு. ரமலானில் விட்டுப்போனதைப் பிற்பாடு பிடித்துத் தீர்க்கும் களா நோன்பு. மொத்தம் பதினொன்று. பத்து முடிந்துவிட்டது. இது கடைசி.

பதினொன்றையும் ஒரே மூச்சில் பிடித்திருக்கலாம். மாதத்துக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டு வந்தார்.

இன்றைக்குப் பார்த்து முகாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பள்ளிவாசல் மாடியில் ரத்தம் எடுப்பார்கள். இரண்டு வருடமாக அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஐந்து மணிக்கு மூட்டை கட்டிவிடுவார்கள், நோன்பு திறக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். நோன்பு என்று தெரிந்தாலோ, கதவைக் காட்டிவிடுவார்கள்.

ரத்தமும் கொடுக்க வேண்டும், நோன்பும் முறியக் கூடாது. வாயை மூடிக்கொண்டார்.

அது அவருக்குப் பழகிய வேலை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் இருட்டும் கிரீஸும்தான் பேச்சுத்துணை. மேலே வந்ததும் யாராவது "சரியாயிடுச்சா?" என்பார்கள். "ஆச்சு" என்பார். அன்றைய பேச்சு முடிந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: அவசரத்துக்கு யாரை அழைப்பது?

பார்க்காமலேயே நம்பரை எழுதினார். உறவு என்ற இடத்தில், மனைவி.

"அடுத்த தடவை அக்காவையும் கூட்டிட்டு வாங்களேன். லேடீஸ் ரொம்பக் கம்மியா வர்றாங்க."

"அவங்க இப்பல்லாம் வெளியில வர்றதில்லம்மா."

அதுவும் உண்மைதான்.

ஊசி ஏறியது. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விட்டார். பை நிறைந்தது. பஞ்சை வைத்து மடக்கிய கையோடு எழுந்தபோது தரை கொஞ்சம் ஆடியது. காட்டிக்கொள்ளவில்லை.

படி வாசலில் பிளம்பர் வழிமறித்தான். யாருக்கு எந்த குரூப், யார் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று முகாமின் முழு ஜாதகமும் அவன் விரல்நுனியில். "ஜூஸக் குடிச்சிட்டுத்தான் போகணும் பாய். உங்கள நம்ப முடியாது."

"வீட்டுல போய்க் குடிக்கிறேன்டா."

ஜூஸ் பாக்கெட்டோடு படியிறங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது படி அவர் காலுக்குக் கிடைக்கவில்லை.

கண் விழித்தபோது மேலே மின்விசிறி. கால் இரண்டும் ஒரு நாற்காலியின் மேல். பிளம்பர் கையில் அவருடைய போன். விழுந்ததில் கண்ணாடி நாலாகக் கீறியிருந்தது. நர்ஸ் படிவத்தைப் பார்த்துத் தன் போனில் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு எழவில்லை.

மணி அடித்தது.

அவருடைய சட்டையின் உள்பையிலிருந்து.

பிளம்பர் தன் கையிலிருந்த போனைப் பார்த்தான். அது சும்மா இருந்தது. குனிந்து, உள்பையிலிருந்து ஒரு சின்ன பட்டன் போனை வெளியே எடுத்தான். பாசிமணி கோத்த கயிறு ஒன்று அதில் தொங்கியது.

"அக்கா போனையும் நீங்களே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் நர்ஸ். "அவங்களுக்கு எப்படிச் சொல்றது இப்ப?"

பிளம்பர் மெல்லச் சொன்னான். "கட் பண்ணும்மா. அவங்க மவுத்தாகி, அடக்கம் பண்ணி ஒரு வருஷம் ஆகப்போகுது."

மணி நின்றது.

நர்ஸே முதலில் சுதாரித்தாள். ஸ்ட்ராவைச் செருகி, ஜூஸை அவர் வாயருகே கொண்டுவந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிளம்பருக்குப் பொறி தட்டியது. "பாய்... நோன்பா?"

தலையசைத்தார்.

"ரத்தம் கொடுத்தா நோன்பு முறியாது பாய். கொடுத்த ஆளுதான் முறிஞ்சு விழுவாரு. இந்த மாசத்துல என்ன நோன்பு உங்களுக்கு?"

"எனக்கில்லடா. அவளுக்கு."

போன ரமலானுக்கு முந்தின ரமலானில் அவளுக்கு ஆபரேஷன். ரத்தம் இந்த மாடியிலிருந்துதான் போனது. நோன்பில் பதினொன்று விட்டுப்போனது. குளிர்காலம் வரட்டும், பகல் குட்டையாகும், பிடித்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குளிர்காலம் வந்தது.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் அந்த பட்டன் போனில் அவள் வைத்திருந்த அலாரத்தை ஆன் செய்துவிட்டுப் படுப்பார்; விடியலுக்கு முன் அது அடிக்கும். எழுந்து விளக்கைப் போடுவார். அந்த ஒரு நாள் வீட்டில் அவளுடைய வேலை ஒன்று நடக்கும்.

"நோன்பு திறக்க, மஃரிபுக்கு இன்னும் ரெண்டு மணி நேரந்தான்" என்றான் பிளம்பர். "தாங்கும்னா தாங்குங்க. முடியலன்னா குடிங்க, குத்தமில்ல. இன்னொரு நாள் பிடிச்சுடலாம்."

"இன்னொரு நாளா?"

"ஆமா. இதுக்குப் பதிலா ஒண்ணு."

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். தலைசுற்றல் போயிருந்தது. கை நடுங்கவில்லை. இரண்டு மணி நேரம் என்ன, குழிக்குள் அதைவிட அதிக நேரம் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கிறார்.

கையை நீட்டி ஜூஸை வாங்கினார். பிஸ்மில்லாஹ் சொல்லி, பாக்கெட் ஒட்டிப்போகும்வரை உறிஞ்சினார்.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா வேற நாள் எடுத்திருப்பேனே பாய். கடைசி நேரத்துல முறிஞ்சுபோச்சே."

பட்டன் போனைச் சட்டையில் துடைத்து உள்பையில் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லம்மா," என்றார். "ஒண்ணு பாக்கி இருக்கட்டும்."