புளித்த ஏப்பம்

"ஒரே வயித்தெரிச்சல் டாக்டர். உயிர் போகுது."

சொல்லிவிட்டு அவர் மணிக்கட்டை மேசைமேல் நீட்டினார்.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தாள். தொட வேண்டும். மூன்று விரலை வைத்து நாடி பார்க்க வேண்டும். அவள் படித்த ஆயுர்வேதம் அங்கேதான் தொடங்குகிறது, வேறு வழியில்லை.

தொட்டாள். சதைப்பிடிப்பான, சூடான மணிக்கட்டு. பித்த நாடி தவளைபோலத் துள்ளியது.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோதே அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் இவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கு அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். வெளியே நின்றவர்கள் எல்லோருக்கும் அவர் கணக்கில் ஒரே முகம்.

துணிக் கிடங்கின் முதலாளி. வேலை நேரத்தில் ஆட்கள் டீ குடிக்க நழுவுகிறார்கள் என்று கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னவர்.

புகை கிளம்பிய மத்தியானமும் கதவு பூட்டித்தான் இருந்தது. அவள் தம்பி அதன் உள்பக்கம் கிடந்தான்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். "ஜன்னல் வழியா குதிச்சிருக்கலாமே" என்று இவர் யாரிடமோ சொன்னாராம். அந்தக் கிடங்குக்கு ஜன்னலே கிடையாது.

அன்று அந்தக் காரை மறித்துக்கொண்டு அம்மா கத்தியது ஒன்றே ஒன்றுதான். "என் வயித்தெரிச்சல் உன்ன சும்மா விடாதுடா!"

கண்ணாடி இறங்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான்.

இப்போது அதே வார்த்தை, அவர் வாயிலிருந்தே. டாக்டருக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. பலித்துவிட்டது என்று சிரிப்பதா, இவ்வளவுதானா என்று மேசையைக் கவிழ்ப்பதா?

பின்னறையில் இரும்பு உரலில் மருந்து இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளை, இங்கே பேசுவது அங்கே கேட்காது.

"சாப்பிட்டதும் எதுக்களிக்குதா?"

"ஆமா. புளிச்சுப் புளிச்சு ஏப்பமா வருது. படுத்தா நெஞ்சு வரைக்கும் ஏறுது. இங்கிலீஷ் மாத்திரை டப்பா டப்பாவா முழுங்கியாச்சு. பொண்டாட்டி சமையல்தான் காரணம்னு சொன்னா வீட்டுல சோறு கிடைக்காது. தூக்கமே போச்சு டாக்டர்."

தூக்கம் போச்சாம்.

"பிரஷர் இருக்கா?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். தன் பழக்கத்தின்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"சேச்சே, கல்லு மாதிரி இருக்கேன். இந்த வயிறு ஒண்ணுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"காரம், புளிப்பு, காபி மூணையும் நிறுத்துங்க. பட்டினி கிடக்காதீங்க. சாப்பிட்ட உடனே படுக்காதீங்க." பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரியையும் சொன்னாள். "கோபப்படாதீங்க."

"எனக்கு யார் மேல கோபம்? ஆனா காபியும் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு டாக்டர் உயிரோட இருக்கணும்?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

அதே கேள்விதான் அவளுக்கும் இருந்தது.

பின்னறை அலமாரியில் இரண்டு டப்பாக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று அதிமதுரப் பொடி. எரிச்சலைத் தணிக்கும், புண்ணை ஆற்றும். இன்னொன்று சுக்கு, மிளகு, திப்பிலி இடித்த திரிகடுகம். சளி கட்டிய நெஞ்சுக்கு அமிர்தம். இந்த வயிற்றில் விழுந்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய். ராத்திரி முழுக்க உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. கேட்டால் அதுவும் மருந்துதான். யார் வந்து என்ன கேட்டுவிட முடியும்?

பின்னறை வாசல் பக்கம் திரும்பினாள்.

"அம்மா!" என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். இங்கே வருகிறவர்கள் எல்லோருமே மருந்து இடிப்பவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "திரிகடுகம் ஒரு பொட்டலம்."

உரல் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

டப்பா மூடி திறக்கும் ஓசை. காகிதம் மடியும் ஓசை. திரை விலகாமல் ஒரு கை மட்டும் வெளியே வந்தது. பொடி அப்பிய விரல்களுக்கு நடுவில் பொட்டலம்.

அவரே எழுந்துபோய் வாங்கிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸும்மா."

அந்த 'ம்மா'வில் டாக்டருக்குப் பல் கூசியது.

மனிதர் அவசரக்காரர். நின்ற இடத்திலேயே பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டார். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அட, இனிக்குதே!"

தெருவில் கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு ஒரே எட்டில் போய்த் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையத்தோடு கழன்று கையில் வந்தது.

"ஏன்மா மாத்துன? வந்தது யாருன்னு தெரியுமா உனக்கு?"

உரலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், அவளையும் தம்பியையும் பெற்றவள். முகத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"குரல் தெரியாதாடி எனக்கு?"

"அப்புறம் எதுக்கு அவனுக்குப் போய் நல்ல மருந்து?"

"அவனுக்கு வந்திருக்கறது வெறும் புளிச்ச ஏப்பம். அதுக்குப் பொடி இருக்கு, குடுத்தேன். அதுக்குப் போய் வயித்தெரிச்சல்னு பேர் வச்சுக்கிட்டு வர்றான். நீயும் அதுதான் இதுன்னு நம்பிட்ட."

உலக்கையைத் தூக்கி ஓங்கி இடித்தாள். திப்பிலி தெறித்து மகளின் காலடியில் விழுந்தது.

"என்னோடது இன்னும் கெளம்பவே இல்லடி."