ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டர்

அக்கா அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எல்லப்பனுக்கு மனசு நிறைந்தது.

மத்தியானம் மூன்று மணி. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளியும் யூரியா சாக்கும் கட்டி, காவாந்தண்டலம் கிராமத்திலேயே இருட்டான வீடாகத் தன் வீட்டை அவன் ஆக்கி வைத்திருந்தான். வெள்ளையடித்த சுவர் முழுக்க ஒரு தம்பி, தன் அக்காவுக்காகச் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் மூக்கின் மேல் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. எல்லப்பனின் அக்கா சொக்கம்மாள் அதைக்கூடப் பார்க்காமல் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

எல்லப்பன் புரொஜெக்டர் வாங்கியது கலையின் மேல் வைத்த காதலால் அல்ல. ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டரை ஏக்கர் நஞ்சை, செத்துப்போன அப்பா பேரிலேயே கிடந்தது. அதை மனை போட்டு விற்க ஒருவர் தினம் போன் செய்துகொண்டிருந்தார். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, தன் பாதிப் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நேராகக் கேட்டதற்கு அவள் பார்க்கலாம் என்றாள். சொல்லிவிட்டுப் பார்க்காமலே ஆறு மாதம் ஓட்டிவிட்டாள்.

யோசனை கொடுத்தவள் அவன் மனைவி இளவரசி. அக்காவுக்குச் சினிமா என்றால் உயிர், வாராவாரம் கூப்பிட்டுப் பெரிதாகப் படம் போட்டால் இளகிவிடுவாள் என்று சொன்னாள். நடவும் களையெடுப்பும் என்று சேற்றிலேயே நின்றுகொண்டிருப்பவளுக்கு இவ்வளவு மூளையா என்று எல்லப்பன் வியந்தான். மறுநாளிலிருந்து யோசனை தன்னுடையது என்று சொல்லிக்கொண்டான்.

படங்களை அவனே பொறுக்கினான். தம்பி தியாகம் செய்யாத படம் எதுவும் அந்தச் சுவரில் ஓடவில்லை.

முதல் ஞாயிறு அக்கா அழுது முடித்த கையோடு பத்திரத்தை நீட்டினான். மனசு பாரமாக இருக்கிறது, அடுத்த வாரம் ஆகட்டும் என்றாள். இரண்டாவது ஞாயிறு வசனம் சரியாகக் காதில் விழவில்லை, நாற்காலி இடுப்பைக் கடிக்கிறது என்றாள். எல்லப்பன் ஸ்பீக்கரும் மெத்தை நாற்காலியும் வாங்கினான். தியாகத்தைப் படத்துத் தம்பிகள் மட்டும் செய்தால் போதாதல்லவா?

மூன்றாவது ஞாயிறு இடைவேளைக்குக் கரண்ட் போனது, திரும்பவில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"எல்லப்பா, நைனா கையெழுத்த ஒரு தபா பாக்கணும் போல கீது. மூலப்பத்திரத்துல இருக்குமில்ல?"

அழுகை சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று எல்லப்பன் புரிந்துகொண்டான். அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவியால் பீரோவைத் திறந்தான். கட்டிய மனைவிக்கே காட்டாத மூலப்பத்திரத்தை எடுத்து, ஆசை தீரப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் கொண்டுவா என்று கையிலேயே கொடுத்தான். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தாள்.

இன்று நான்காவது ஞாயிறு. வந்ததும் வராததுமாக மூலப்பத்திரத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதிப் படத்துக்கு உட்கார்ந்தாள். கடைசி ரீலில் சுவரிலிருந்த தம்பி செத்தான். இளவரசி வந்து ஜன்னல் சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

எல்லப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, விடுதலைப் பத்திரத்தையும் பேனாவையும் அதன் மேல் வைத்தான். கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டான். அது காய்ந்துதான் இருந்தது. நாளைக் காலையில் உத்திரமேரூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கார் சொல்லியாகிவிட்டது என்றும், அக்கா வந்து நின்றால் மட்டும் போதும் என்றும் குழைந்தான்.

கார் வேண்டாம் என்றாள் சொக்கம்மாள். புதன்கிழமையே உத்திரமேரூர் போய்த் தன் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டாளாம், மூலப்பத்திரம் கையில் இருந்ததால் பதிவும் ஆகிவிட்டதாம்.

இவ்வளவு நல்ல அக்காவுக்கா சாக்குக் கட்டி, ஸ்பீக்கர் வாங்கி, இத்தனை பாடு பட்டோம் என்று எல்லப்பனுக்கு ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் போன பிறகுதான் சந்தேகம் வந்தது.

"நான் இல்லாம எப்டிக்கா? எனக்கு எழுதிக் குடுக்கறதுன்னா நானும் கையெழுத்துப் போட வேணாமா?"

"உனுக்குன்னு யார்ரா சொன்னது?"

சொக்கம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னாள். பத்து வருஷமாக அந்த நிலத்துச் சேற்றில் இறங்கிய கால் ஒன்றுதான். அந்தக் காலுக்கு உரியவள் பேருக்கே எழுதிவிட்டாள். இனி அவள் சம்மதிக்காமல் அங்கே ஒரு மனைக்கல் நட முடியாது. இன்றைக்கு வந்தது, படம் பாதியில் நின்றுபோனதால்தான்.

எல்லப்பன் மனைவியைப் பார்த்தான். அவள் யூரியா சாக்கை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அண்ணிக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்டாள்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அணைக்க மறந்த புரொஜெக்டர் வெளிச்சம் முழுவதும் அவன் முகத்தில் விழுந்தது.

சொக்கம்மாள் ஸ்டூலின் மேலிருந்த பத்திரத்தை மடித்துத் தம்பியின் சட்டைப் பையில் செருகினாள்.

"இனிமே நீ படம் காட்ட வேண்டியது இளவரசிக்குத்தாண்டா."