சொல்லிக்கொடுத்த பதில்

வலது கையைத் தூக்கச் சொன்னார்கள்.

அவர் தூக்கப் பார்த்தார். கை வரவில்லை.

டொரன்டோவில் ஒரு மருத்துவமனை, அவசரப் பிரிவு. மகள் கோமதியைத் திரைச்சீலை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். நோயாளியின் பேச்சை வீட்டு மனுஷர் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதற்கென்றே ஒரு அம்மா கணினித் திரையில் வந்தார், யாழ்ப்பாணத் தமிழோடு.

அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது. கரைக்க ஊசி உண்டு. உடனே போட வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி.

"ஐயா, ரத்தம் உறையாமலிருக்கக் குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ?"

"ஒரு மாத்திரையும் கெடையாதும்மா. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, நெஞ்சு நோவு இல்ல."

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனாலும் ஒரு சொல் விடவில்லை மனுஷன். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார், எப்படி என்பதுபோல.

பாவி, அவள்தானே சொல்லிக்கொடுத்தாள்!

இன்சூரன்ஸ் படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டவள் அவள். உண்டென்றால் பாலிசி கிடைக்காது. பாலிசி இல்லையென்றால் விசா கிடையாது. பேரனை அவர் எப்போதுதான் பார்ப்பது? பிளேன் ஏறுவதற்கு முன் ஒரு வாரம் போனிலேயே பாடம் நடத்தினாள். ஏர்போர்ட்டோ ஆஸ்பத்திரியோ, யார் கேட்டாலும் இல்லைன்னே சொல்லணும்ப்பா. அவரும் கோவில்பட்டியில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். மூன்று வருஷமாகத் தினமும் அந்த மாத்திரையை விழுங்குகிறவர்.

நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

அப்பா சொல்வது பொய் என்று கோமதி இங்கிலீஷில் கத்தினாள். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், நேற்று எப்போது போட்டார், எல்லாவற்றையும் கொட்டினாள். படிவத்தில் பொய் எழுதியது நான்தான் என்பதையும்.

மருத்துவர் கையை உயர்த்தினார். ஊசி நின்றது.

போட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் பெருகி ஆளே போயிருப்பாராம். போடாவிட்டால் கை திரும்புமா என்று கேட்டாள். மருத்துவர் ஊசியைத் தட்டில் வைக்கச் சொன்னார்.

பெற்ற அப்பனையே கொல்லப் பார்த்தாயேடி. தன்னையே வைதுகொண்டாள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மாத்திரையின் பெயர் தெரியும். அது காதில் விழுந்ததும் பதறிப்போனார். திரையிலிருந்த அம்மாவைப் பார்த்துப் பேசினார். இப்போது நாக்குக் குழறியது.

"தாயி... அது பயத்துல ஒளறுது. அதை எழுதிராதீங்க. எம் பிள்ள மாட்டிக்கிடும்."

என்ன சொல்கிறார் என்று மருத்துவர் கேட்டார்.

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்க்க வேண்டிய அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு, மகளைக் கூப்பிடுகிறார் என்றார்.

மருத்துவர் விலகிக் கோமதிக்கு வழிவிட்டார்.